மஞ்ஞப்பித்தமும் மலைப்பாதையும்

காமாலை என்றால் கீழாநெல்லி. மூணாறு எஸ்டேட் லயங்களிலும் அட்டப்பாடி ஊர்களிலும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெயர் பச்சிலைக்குக் கிடைக்கும். மலையாளத்தில் காமாலைக்குப் பெயர் மஞ்ஞப்பித்தம். நோயின் பெயரிலேயே பித்தத்தை வைத்த மொழி, இன்னொரு வகைக் காமாலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பித்தப்பைக் கல் நழுவிப் பித்தநாளத்தை அடைக்கிறது. தேங்கிய பித்தத்தில் கிருமிகள் பெருகி ரத்தத்தில் கலக்கின்றன. குளிர்காய்ச்சல், மஞ்சள் கண், வலது விலாவுக்குக் கீழே வலி. இம்மூன்றையும் சேர்த்து 1877இல் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ. முதியவர்களிடம் மூன்றும் சேர்ந்து தெரியாமலும் போகலாம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காவிட்டால் அடைப்பை நீக்கியே ஆகவேண்டும். தீவிர நோயாளிகளிடம் ஹாங்காங்கில் நடந்த ஆய்வு 1992இல் வெளியானது. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தனர். வாய்வழி எண்டோஸ்கோப் மூலம் பித்தத்தை வடித்தவர்களில் 10 சதவீதம்தான்.

அந்த எண்டோஸ்கோப் பெரும்பாலும் நகரங்களில்தான். மூணாறிலிருந்து கொச்சி சுமார் 130 கிலோமீட்டர். இல்லையேல் போடிமெட்டு இறங்கித் தேனி, மதுரை. அட்டப்பாடிக்காரர்களுக்கு மன்னார்க்காடு சுரம் அல்லது ஆனைகட்டி வழியே கோவை. இரவோடு இரவாக இறங்குவதா, விடியட்டும் என்று இருப்பதா?

இதற்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையே பதில் சொல்கிறது. 2007இல் வெளியாகி 2013, 2018இல் திருத்தப்பட்ட டோக்கியோ நெறிமுறைகள் நோயை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. வெள்ளணு 12,000க்கு மேல் அல்லது 4,000க்குக் கீழ், பிலிருபின் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், ஆல்புமின் வெகுவாகக் குறைவு, 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், வயது 75 அல்லது அதற்கு மேல். இவற்றில் இரண்டு இருந்தால் நடுத்தரம். (வெள்ளணு குறைந்திருந்தால் நிம்மதி என்று எண்ணிவிட வேண்டாம்.) பிளேட்லெட் என்றாலே டெங்கு என்று பழகிவிட்டோம், இங்கும் அது 1 லட்சத்துக்குக் கீழ் போனால் ஆபத்து. கிரியாட்டினின் 2ஐயோ, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5ஐயோ தாண்டினாலும், ரத்த அழுத்தம் சரிந்தாலும், நினைவு தடுமாறினாலும் தீவிரம். ஒன்றே போதும்.

புரோகால்சிடோனின் என்ற புதிய பரிசோதனையைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். தீவிரத்தை முன்கூட்டியே காட்டக்கூடியது, உண்மைதான். ஆனால் விலை அதிகம். அதன் முடிவுக்காக ஜீப்பை நிறுத்திவைப்பதில் அர்த்தமில்லை.

சலைனும் ஆன்டிபயாடிக்கும் மலையிலேயே தொடங்கிவிடலாம். இறங்கும்போது ரிப்போர்ட்டுகளும் கூடவே போகவேண்டும். நேற்று பிளேட்லெட் 2 லட்சம், இன்று 90,000 என்ற இரண்டு எண்கள், தமிழானாலும் மலையாளமானாலும், கீழே இருக்கும் டாக்டருக்குப் புரியும்.