இரவில் நடந்தது காலையில் பள்ளிக்குத் தெரிய வேண்டும்

அடிதடி, அலறல் என்று நள்ளிரவில் காவல்துறை வந்து போன வீட்டிலிருந்தும் மறுநாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று ஆசிரியர் கேட்கிறார். பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. இரவு என்ன நடந்தது என்பது காவல் நிலையத்துக்குத் தெரியும். பள்ளிக்குத் தெரியாது.

இந்த இடைவெளியை அடைக்க முடியும் என்று இங்கிலாந்தில் ஒரு தம்பதி செய்துகாட்டினார்கள். தலைமையாசிரியை எலிசபெத் கார்னி-ஹாவர்த்தும், காவல்துறையில் பணியாற்றிய அவருடைய கணவர் டேவிட்டும் 2011-ல் பிளைமவுத் நகரில் ‘ஆபரேஷன் என்கம்பாஸ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். குடும்ப வன்முறைப் புகாருக்காகக் காவலர்கள் போன வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால், மறுநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அந்தப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஒருவருக்குத் தகவல் போய்ச் சேரும். அவர் அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்வார். செலவு அதிகமில்லாத இந்த நடைமுறை இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவியது. 2024-ல் நிறைவேறிய சட்டம் இதைக் காவல்துறையின் கடமையாகவே ஆக்கியது.

தமிழ்நாட்டுக்கு இப்படியோர் ஏற்பாடு அவசரத் தேவை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29.3 சதவீதம்தான். இந்த வீடுகளில் பலவற்றில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். “பிள்ளைங்க தூங்கிட்டுதான் இருந்தாங்க” என்று பெரியவர்கள் மனதைத் தேற்றிக்கொள்வது வழக்கம். ஒற்றை அறை வீட்டில் பாத்திரம் பறக்கும்போது எந்தப் பிள்ளை தூங்கும்? கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கும்.

கேட்பதும் பார்ப்பதும்கூடக் காயம்தான். வீட்டில் வன்முறைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டி, அவர்களின் மூளை எப்படி எதிர்வினை செய்கிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஆபத்தை உணரும் பகுதிகள், போர்க்களம் கண்ட வீரர்களிடம் காணப்படுவதைப் போலவே கூடுதலாகக் கிளர்ந்தெழுந்தன. இந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் 1998-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, தாய் அடிபடுவதைக் கண்டு வளர்வதைக் குழந்தைப் பருவக் கொடுமைகளில் ஒன்றாகவே கணக்கிட்டது. இத்தகைய கொடுமைகள் கூடக்கூட, பிற்காலத்தில் மதுப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, இதயநோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுவதை அது காட்டியது.

பிள்ளைகளிடம் இந்தக் காயம் பல வடிவங்களில் தெரியும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும், எப்போதோ நின்றுபோன பழக்கம் திரும்பியிருக்கும். காரணம் புரியாத வயிற்றுவலி வரும். சிலர் சின்னச் சீண்டலுக்கும் கைநீட்டுவார்கள். சிலர் யாருக்கும் தொந்தரவு தராத ‘நல்ல பிள்ளை’யாக ஒடுங்கிப்போவார்கள். அம்மாவைத் தனியே விட்டுவர மனமில்லாமல் பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளும் உண்டு. காரணம் தெரியாத ஆசிரியர் அதைச் சேட்டை என்றோ சோம்பல் என்றோதான் எடுத்துக்கொள்வார், தண்டிக்கவும் செய்வார்.

நமது சட்டம் இந்தப் பிள்ளைகளை ஓரளவே பார்க்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் தற்காலிகப் பொறுப்பு, பராமரிப்புத் தொகை, பிள்ளையின் பள்ளிக்குள் வன்முறையாளர் நுழையத் தடை என்று ஏற்பாடுகள் உள்ளன. ஆனால், பாதிக்கப்பட்டவர் என்று அது வரையறுப்பது பெண்ணை மட்டுமே. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, வீட்டு வன்முறையைப் பார்க்கும், கேட்கும், அதன் விளைவை அனுபவிக்கும் குழந்தையையும் பாதிக்கப்பட்டவராகவே ஏற்கிறது. இந்தியச் சட்டமும் அப்படித் திருத்தப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. மாணவர்களுக்கு 14417 உதவி எண் இருக்கிறது. வீட்டில் சண்டை நடந்து அடுப்பு எரியாத காலையிலும், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காலை உணவுத் திட்டத்தில் சாப்பாடு கிடைக்கிறது. கையில் இருக்கும் இவற்றை ஒன்றோடொன்று இணைக்க ஓர் அரசாணை போதும். முதலில் ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்க்கலாம்.

வீட்டு விவகாரம் ஊர்ப்பேச்சாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே, தகவல் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு மட்டுமே போக வேண்டும். சண்டையின் விவரம் அதில் தேவையில்லை. அந்த ஆசிரியர் தந்தையைக் கூப்பிட்டு விசாரிக்கவே கூடாது. அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாக முடியும். பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. அன்றைய தேர்வைத் தள்ளிவைப்பது, பேச விரும்பினால் காதுகொடுப்பது, நிலைமை மோசமென்றால் பாதுகாப்பு அலகுக்குச் சொல்வது ஆகியவை போதும்.

காவல் நிலையம்வரை வராத வீடுகளே அதிகம். வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான் என்கிறது அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அங்கெல்லாம் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்காதான் அந்தப் பிள்ளைக்குத் துணை. நம்பிக்கையான ஒரு பெரியவர் கூட இருந்தாலே பிள்ளை மீண்டெழும் வாய்ப்பு கூடுகிறது. “இது உன் தப்பில்லை” என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். சண்டைக்கு நடுவே போய் நிற்காதே, எங்கள் வீட்டுக்கு ஓடிவா என்றும் சொல்லிவைக்க வேண்டும். யார் பக்கம் என்று கேட்டு அதை வதைக்கக் கூடாது; அடிக்கிற அப்பா மீதும் அதற்குப் பாசம் இருக்கலாம்.

அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்தென்றால் 112. மூன்றையும் கைபேசியில் பதிந்துவையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தயங்காமல் அழையுங்கள்.