எண்பது கட்டம் யார் வைத்த சட்டம்?

‘கட்டளைவரி நிரலுக்கு 80 கட்டம் என்று வைத்துக்கொண்டால் போதும், டெர்மினலின் அகலத்தைக் கேட்பது வெட்டி வேலை, ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் பத்திகள் தானாக நேராகிவிடும்’ என்று கோவை மென்பொருள்காரர் ஒருவர் வாதிடுகிறார். மூன்றும் தவறு, மூன்றாவது அவமதிப்பும்கூட.

80 என்பது 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் பத்திக் கணக்கு. பின்னால் வந்த திரைகள் அதையே பிடித்துக்கொண்டன. 1978இல் வந்த விடி100 டெர்மினல்கூட 132 பத்திக்கு மாறத் தெரிந்த கருவி. அதற்கு இருந்த நெகிழ்ச்சிகூட நண்பரின் வாதத்தில் இல்லை.

அகலத்தைக் கேட்பதில் என்ன சிரமம்? கெர்னலுக்கு அது தெரியும். ஒரே ஐயோக்டல் அழைப்பில் சொல்லிவிடும். சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் சிக்விஞ்ச் சமிக்ஞை வந்து சேரும். பைத்தான் நூலகம் முதலில் பயனர் வைத்த ‘காலம்ஸ்’ சூழல் மாறியைப் பார்க்கிறது, பிறகு டெர்மினலைக் கேட்கிறது, இரண்டும் கைவிட்டால்தான் 80க்குப் போகிறது. கடைசிப் புகலிடத்தை முதல் விதியாக்குவது சோம்பேறித்தனம். வெளியீடு பைப்பில் போகும்போது திரையே கிடையாது. அங்கே 80இல் வெட்டினால் தரவு அழிகிறது. எல்எஸ் கட்டளை அந்த இடத்தில் வரிக்கு ஒரு கோப்புப் பெயராகக் கொடுக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். ‘கோயம்புத்தூர்’ 7 எழுத்து; யூனிகோடில் 13 குறியெண்; யூடிஎஃப்-8இல் 39 பைட். சி மொழியின் பிரிண்ட்எஃப்புக்கு 20 என்று அகலம் கொடுத்தால் அது பைட்டைத்தான் எண்ணும். 15 பைட் உள்ள ‘ஈரோடு’க்கு 5 இடைவெளி சேர்க்கும்; கோயம்புத்தூருக்கு ஒன்றுகூடச் சேர்க்காது. பத்தி கோணுவது இதனால்தான். எழுத்து எத்தனை கட்டம் பிடிக்கும் என்று கேட்க டபிள்யூசிவிட்த் என்ற சார்பு இருக்கிறது. ஜிலிப்சி நூலகத்தில் அது புள்ளிகளுக்கு இடம் ஒதுக்காமல் கோயம்புத்தூருக்கு 10 கட்டம் என்கிறது. துணையெழுத்துகளுக்குத் தனிக் கட்டம் தருவதால் அதுவும் முழுத் தீர்வில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உழைப்பதை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரை மாற்றச் சொல்கிறார் நண்பர்.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் யூனிகோடைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றது. அதே ஊரில் இருந்துகொண்டு ‘பொள்ளாச்சியை ஆங்கிலத்தில் அடி’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அகலத்தைக் கேளுங்கள்; பைட்டை எண்ணாமல் கட்டத்தை எண்ணுங்கள்; பைப்பில் வெட்டாதீர்கள். இவற்றைச் செய்யாத கருவி தமிழைக் கோணலாகக் காட்டினால், பிழை அறிக்கை அந்தக் கருவியின் பெயரில்தான் பதிவாக வேண்டும்.