தலைநகரின் எல்லையில் ஒரு நடைபாதை

பிப்ரவரி முதல் நாள் வேலை நாளாக அமைந்துவிட்டால், செராஸ் வட்டாரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். அன்று கூட்டரசுப் பிரதேச நாள். கோலாலம்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. சிலாங்கூர்ப் பள்ளிகளோ வழக்கம்போல் இயங்கும். செராஸின் ஒரு பகுதி கோலாலம்பூரிலும் மற்றொரு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆகவே, மாலையில் ஒரே திடலில் பந்து விளையாடும் இரண்டு மாணவர்களில் ஒருவன் அன்று காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்குவான். மற்றவன் சீருடை அணிந்து பேருந்துக்குக் காத்திருப்பான். டிசம்பர் 11-ஆம் நாள் சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள். அன்று அவர்களுடைய பெற்றோருக்கு நிலைமை தலைகீழாகும்.

இருவரையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் கைப்பேசியில்தான் தேடுவார்கள். அந்தக் கோட்டை ஒட்டிக் கோலாலம்பூரை முழுமையாகச் சுற்றிவரும் ஒரு நடைபாதை அமைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எல்லைக்கோடு வெறும் நிலஅளவைக் குறியன்று. அதற்குப் பின்னால் ஒரு மாநிலத்தின் கதை இருக்கிறது. 1880-ஆம் ஆண்டுவரை சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரமாகக் கிள்ளான் விளங்கியது. ஈயச் சுரங்கங்களால் கோலாலம்பூர் வளரவே, நிர்வாகம் ஆற்றின் மேற்பகுதிக்கு, அதாவது கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. செங்கல் சூளைகள் நிறைந்திருந்ததால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னாளில் இரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பாக மாறியது. அங்கே வாழ்ந்த தமிழர்கள் அப்போது சிலாங்கூர் மக்களாகவே இருந்தார்கள். 1974 பிப்ரவரி முதல் நாள், அன்றைய சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா, கோலாலம்பூரை மத்திய அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அன்று சுல்தான் கண்ணீர் சிந்தினார் என்று மூத்தோர் இன்றும் சொல்வதுண்டு. வீடு மாறாமல், தெரு மாறாமல், பிரிக்பீல்ட்ஸ் மக்கள் கூட்டரசுப் பிரதேச மக்கள் ஆனார்கள். தன் தலைநகரைக் கொடுத்துவிட்ட சிலாங்கூர், 1978-இல் ஷா ஆலாமைப் புதிய தலைநகராக்கியது.

இந்தப் பிரிவை நினைவுகூரும் வகையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் குறுக்கே கோத்தா டாருல் ஏசான் என்னும் பெரும் வளைவு நிற்கிறது. நாள்தோறும் எண்ணற்ற வாகனங்கள் அதன் அடியில் விரைகின்றன. கண்ணாடிக்குள்ளிருந்து அதைப் பார்க்கக் கிடைப்பது சில விநாடிகள்தாம். அதன் அருகே நின்று, எதற்காக இது கட்டப்பட்டது என்று ஒரு மாணவன் தன் தந்தையைக் கேட்க வாய்ப்பே இல்லை. நாட்டின் மிகப் பெரிய பாடக்குறிப்பு ஒன்று, யாரும் நடக்க முடியாத இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

எல்லை நெடுக ஒரு நடைபாதை என்றவுடன் மலைப்பு ஏற்படலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மலைப்பு குறையும். கோலாலம்பூரின் பரப்பளவு 243 சதுர கிலோமீட்டர். நகரம் சரியான வட்டமாக இருந்திருந்தால், அதன் சுற்றளவு ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான். (வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதோ ஒரு விடை.) உண்மையான எல்லை வளைந்தும் நெளிந்தும் செல்வதால், தூரம் இதைவிடக் கூடும். கூடினாலும், அதைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, வார இறுதிக்கு ஒன்றாக நடந்து முடித்துவிடலாம். ஒரே மூச்சில் நடக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

வழியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வடக்கே, எல்லைக்குச் சற்று வெளியே, கோம்பாக் மாவட்டத்தில் பத்துமலை இருக்கிறது. அங்கே 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜாலான் துன் எச். எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் சுமார் 15 கிலோமீட்டர் ஊர்ந்து பத்துமலையை அடைகிறது. இரதத்தின் பின்னே ஆயிரக்கணக்கானோர் இரவு முழுதும் நடக்கிறார்கள். பாட்டிமார்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். குழந்தைகள் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். இனம் பாராமல் பானம் வழங்கும் கைகள். கோலாலம்பூரில் கிளம்பி, ஏதோ ஓரிடத்தில் எல்லையைக் கடந்து, சிலாங்கூரில் முடியும் நடை இது. எந்த இடத்தில் எல்லையைக் கடந்தோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை. ஆனால், ஓர் உண்மை இதில் விளங்குகிறது. இவ்வட்டார மக்களுக்கு நீண்ட தூரம் நடக்கத் தெரியாது என்பது சரியன்று. சாலையைப் பாதுகாப்பாக ஒதுக்கிக் கொடுத்தால் முதியோரும் 15 கிலோமீட்டர் நடப்பார்கள். மறுவாரம் அதே சாலையில் அரைக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள கடைக்குப் போகவும் அவர்கள் வாகனத்தை எடுக்கிறார்கள் என்றால், காரணம் கால்களில் இல்லை.

பத்துமலையிலிருந்து கிழக்கே சென்றால் கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் முகடு தென்படும். 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த வெண்ணிறப் பாறைத்தொடர், உலகின் மிக நீளமான குவார்ட்ஸ் தொடர்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் இடைவெளியில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை கிள்ளான் ஆற்று நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. தலைநகரின் குழாய்களில் வரும் தண்ணீர் எல்லைக்கு அப்பாலிருந்துதான் வருகிறது என்பதை அங்கே நின்று பார்ப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். வடமேற்கே கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழாகிக் கிடந்த நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மேற்கே உள்ள புக்கிட் கியாரா தமிழ் மாணவர்கள் தனிக் கவனத்துடன் பார்க்க வேண்டிய இடம். இன்று காலைநடைக்கும் மிதிவண்டிக்கும் பெயர்பெற்ற அந்தக் குன்று, முன்பு பால்மரத் தோட்டமாக இருந்தது. அங்குள்ள ஒற்றையடிப் பாதைகளில் நடப்பவர்கள், கவனிப்பாரற்று வளர்ந்து நிற்கும் பால்மரங்களை இன்றும் காணலாம். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் பால்வாளியோடு தோட்டப் பாட்டாளிகள் நடந்த நிலம் அது. தெற்கே விளையாட்டரங்கத்துக்குப் பெயர்பெற்ற புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். தோட்டங்களின் ஓரத்தில் முனீஸ்வரருக்குக் கோவில் எழுப்பி, அவரை எல்லைக் காவலராக எண்ணி வணங்கிய தலைமுறைக்கு எல்லை என்பது காலால் அறிந்த ஒன்று. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ அது வரைபடத்தில் உள்ள ஒரு கோடு.

இத்தகைய பாதைகள் உலகுக்குப் புதியவை அல்ல. இங்கிலாந்தில் ரட்லண்ட் என்ற மிகச் சிறிய வரலாற்றுக் கவுண்டி இருக்கிறது. தனித்து இயங்க முடியாத அளவுக்குச் சிறியது என்று கருதி, அதைப் பக்கத்துக் கவுண்டியான லெஸ்டர்ஷியருடன் இணைத்துவிட்டார்கள். அதுவும், கோலாலம்பூர் பிரிந்த அதே 1974-ஆம் ஆண்டில்! 1997-இல் ரட்லண்ட் தன் தனித்தகுதியை மீண்டும் பெற்றது. இன்று அதன் எல்லையை ஒட்டிச் சுமார் 105 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. வரைபடங்கள் அரிதாக இருந்த காலத்தில், ஊர்ப் பெரியவர்கள் சிறுவர்களை அழைத்துக்கொண்டு ஊரின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். எல்லைக் கற்களைக் குச்சியால் தட்டிக் காட்டுவார்கள். அடுத்த தலைமுறையின் நினைவில் எல்லை பதிய வேண்டும் என்பதே நோக்கம். இலண்டன் மாநகரைச் சுற்றியும் சுமார் 240 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. 24 பகுதிகளாகப் பிரித்து மக்கள் அதில் நடக்கிறார்கள்.

குளிர்நாட்டில் நடக்கலாம், வெப்பநாட்டில் முடியுமா என்று கேட்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு, தஞ்சோங் பாகாரிலிருந்து புறப்பட்ட மலாயன் இரயில்வேயின் கடைசி இரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அந்த நிலத்தை அடுக்குமாடி வீடுகளுக்குக் கூறுபோட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமை நடைபாதையாக அதை மாற்றினார்கள். அங்கும் இதே வெயில், இதே மழை.

இலண்டன் பாதையைப் போன்றவற்றில் பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டதன்று. ஏற்கெனவே இருந்த பூங்காப் பாதைகளையும் ஆற்றங்கரைகளையும் குடியிருப்புத் தெருக்களையும் ஒன்றோடொன்று இணைத்து, திருப்பங்களில் அடையாளப் பலகைகள் நட்டார்கள். கோலாலம்பூரிலும் பூங்காக்கள் இருக்கின்றன, ஆற்றோரங்கள் இருக்கின்றன. துண்டு துண்டாகக் கிடப்பவற்றைச் சேர்ப்பதே முதல் வேலை.

ஆனாலும், தடைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வெயிலை விடியற்காலையில் கிளம்பிச் சமாளிக்கலாம். மாலை மழைக்கு முன்பே வீடு திரும்பலாம். நெடுஞ்சாலைகள்தாம் உண்மையான சிக்கல். எல்லைக்கோட்டைப் பல இடங்களில் நெடுஞ்சாலைகள் வெட்டிச் செல்கின்றன. அங்கெல்லாம் நடை மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தேவை. அதற்குப் பெரும் பணம் வேண்டும். வேலியிட்டு, காவலர் நிறுத்திய குடியமைப்புகள் சில வழியை மறிக்கும். சில இடங்களில் எல்லையை விட்டு விலகி ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். மலைச்சரிவுகளில் அனுமதியின்றி ஏறுவது ஆபத்து என்பதால், பாதை அவற்றின் அடிவாரத்தோடு நின்றுவிடுவதே நல்லது.

இவற்றைவிடக் கடினமானது நிர்வாகம். கோட்டுக்கு ஒருபுறம் கோலாலம்பூர் மாநகர் மன்றம். மறுபுறம் பெட்டாலிங் ஜெயா, செலாயாங், அம்பாங் ஜெயா, காஜாங், சுபாங் ஜெயா எனப் பல ஊராட்சி மன்றங்கள். எல்லை என்பது எந்த மன்றத்துக்கும் முன்வாசல் அன்று, எல்லாருக்கும் கொல்லைப்புறம். ஒருவர் போட்ட நடைபாதை அடுத்தவரின் எல்லையோடு முடிந்துவிட்டால், குற்றம் யாருடையது என்று சொல்வதும் கடினம். இந்தப் பாதை வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். எல்லையோரத்தில் வாழும் மாணவர்களும் முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும், அண்டை மன்றங்கள் ஒரே வரைபடத்தை ஒரே மேசையில் விரித்தால்தான் பாதுகாப்பாக நடக்க முடியும். வார இறுதி நடைப்பயணிகளுக்காகப் போடப்படும் பாதை, வார நாள்களில் அவர்களுக்குப் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் போகும் வழியாகும்.

அப்படியானால், சிலாங்கூர் மாநிலம் முழுவதையும் சுற்றி ஒரு பாதை போடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வடக்கே பெர்ணாம் ஆறு, கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே மலாக்கா நீரிணை. நினைக்கவே இனிமையான கனவு. எனினும், அது அனுபவமிக்க மலையேறிகளுக்கு உரியது. கோலாலம்பூர் எல்லைக்கு இரயிலிலேயே போய்விடலாம். கிள்ளானில் கொமியூட்டர் இரயில் ஏறும் ஒரு மாணவி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் வண்டி மாறி, பத்துமலை நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து அவள் நடையைத் தொடங்கலாம்.

முதல் பகுதியை அடையாளம் காண அரசாங்கத்தின் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லைக்கு அருகிலுள்ள இரண்டு பள்ளிகள், இப்புறம் ஒன்றும் அப்புறம் ஒன்றுமாக, கைகோத்தால் போதும். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரலாற்று ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் முன்செல்ல, மாணவர்கள் ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம். நடைபாதை எங்கே திடீரென்று முடிகிறது, எந்தக் கால்வாய்க்கு மூடி இல்லை, எங்கே நிழல் தரும் மரம் இருக்கிறது, எந்தச் சாலையைக் கடக்க எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியுள்ளது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அந்த வட்டாரத்தில் நீண்ட காலமாக வாழும் முதியவர்களிடம், 1974-க்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதலாம். எழுதியதை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும் மற்றொன்றை எதிர்ப்புறத்து ஊராட்சி மன்றத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவைக்கலாம்.