யுங்கின் பகுப்பாய்வு உளவியலும் வன்னியின் உளவளத்துணையும்: எமது நிலைப்பாடு

கார்ல் யுங்கின் பகுப்பாய்வு உளவியலை நிறுவப்பட்ட அறிவியலாக எடுத்து, இலங்கையின் வன்னியில் எவருக்கும் அதன்படி முடிவு சொல்லக் கூடாது என்பது எமது நிலைப்பாடு. அதைப் படிக்கலாம், விவாதிக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைக் கனவில் கண்ட தாய்க்கு அதைக்கொண்டு பலன் சொல்ல முடியாது.

யுங் தொடங்கியது சோதனையில்தான். சூரிச்சின் பேர்கோல்ஸ்லி மனநல வைத்தியசாலையில் ஒரு சொல்லைச் சொல்லி, மறுசொல் வர எடுக்கும் நேரத்தை அளந்தார். அதை இன்னொருவர் திரும்பச் செய்து பிழை பிடிக்கலாம். பின்னாளில் அவர் முன்வைத்த கூட்டு நனவிலியிலும் (மனிதர் எல்லோருக்கும் பொதுவாகப் பிறப்போடு வரும் ஆழ்மனம்) தொல்படிமங்களிலும் (அதில் உறையும் ஆதி வடிவங்கள்) அது முடியாது. அவற்றின் வேர் கான்ட், சோப்பன்ஹவர் ஆகியோரின் தத்துவத்தில் கிடக்கிறது. எது நடந்தால் உங்கள் கொள்கை பிழை என்று ஒப்புக்கொள்வீர்கள்? புரொய்டையும் அட்லரையும் நோக்கித் தத்துவவாதி கார்ல் பொப்பர் எழுப்பிய இந்த ஐயம் யுங்குக்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைத் தாய் என்ற தொல்படிமமாக விளக்கலாம். அருள் தந்தாலும் தாய். சினந்து எரித்தாலும் அதே தாயின் மறுமுகம். எது நடந்தாலும் விளக்கம் தப்பிவிடும். வைகாசிப் பொங்கலும் கடல்நீரில் விளக்கெரிப்பதும் முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் சொல்லியும் செய்தும் கையளிக்கப்பட்டவை. அண்ணாவியார் பழக்கிய கூத்துக்குப் பிறப்போடு வந்த படிமம் எதற்கு?

இன்னொரு குழப்பம் இதைவிடப் பாரதூரமானது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010இல் எழுதிய கூட்டு மனவடு, போரும் இடப்பெயர்வும் குடும்பத்தையும் ஊரையும் சிதைத்ததால் வந்தது. அதைக் கூட்டு நனவிலியோடு கலந்தால் 2009இல் போரின் முடிவில் நடந்தது மனித மனத்தின் ஆதி இருளாகிவிடும்; செய்தவர்கள் தப்பிவிடுவார்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் போராடும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கேட்பது பிள்ளை எங்கே என்பதற்கான பதில். கனவில் மகன் ஆற்றைக் கடந்தான் என்றால், அவன் இறந்ததை மனம் ஏற்கத் தொடங்கிவிட்டது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. சொல்பவருக்கு அந்த உரிமையும் இல்லை.

கனவையும் சடங்கையும் மூடநம்பிக்கை என்று தள்ளாமல் காதுகொடுத்த யுங்கின் பழக்கம் எமக்கும் வேண்டும். அம்மா கனவைச் சொன்னால் முழுக்கக் கேளுங்கள். அவர் கொடுக்கும் பொருளே போதும். நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, தற்கொலை எண்ணம் தெரிந்தால் தாமதியாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பயிற்சிப் பட்டறைகளில் பரிமாறப்படும் ஆளுமை வகைச் சோதனைகள் சில 1921இல் வெளிவந்த யுங்கின் நூலிலிருந்து கிளைத்தவை. பொழுதுபோக்காகச் செய்யலாம். அவற்றை வைத்து எம் பிள்ளைகளை வேலைக்குத் தெரிவு செய்வதை நாம் ஏற்கவில்லை.