பதக்கம் தருவது மாநிலம். படையை அனுப்புவது யார்?

அமெரிக்க நாட்டிலே மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதக்கங்கள் உண்டு. கடல் கடந்து போர்முனை சென்று மீண்ட ‘நேஷனல் கார்டு’ வீரனை அழைத்து, மாநிலத்தின் பெயரால் அவன் மார்பிலே சூட்டுகிறார்கள். சூட்டட்டும்; பெற்ற மண் தன் மகனைப் பாராட்டுவதிலே நமக்கென்ன வருத்தம்! அவனை அனுப்பியது யார் என்றுதான் கேட்கிறோம்.

யார் இந்த வீரன்? முழுநேரச் சிப்பாய் அல்லன், தோழர்களே! ஆலையிலே உழைப்பவன், லாரி ஓட்டுபவன், பள்ளியிலே பாடம் சொல்பவன். மாதத்துக்கொரு சனி ஞாயிறு, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி என்பது பழைய ஏற்பாடு. வெள்ளம் புயல் என்றால் மாநில கவர்னர் அழைப்பார், ஓடி வருவான். (அங்கே கவர்னர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், நாம் பார்த்துப் பழகிய, மேலிருந்து இறக்கப்படும் கவர்னர் அல்லர்!) அவனையே வாஷிங்டன் அழைத்தால், அயல்நாட்டுப் போருக்கும் போயாக வேண்டும். 2005இல் ஒரு கட்டத்தில், இராக்கிலே நின்ற அமெரிக்கப் போர்ப் படையணிகளில் ஏறக்குறையப் பாதி இவர்களுடையவை.

மாநிலம் மறுக்கக்கூடாதா? மறுத்துப் பார்த்தார்கள். மத்திய அமெரிக்காவுக்கு எங்கள் ஆட்களை அனுப்பமாட்டோம் என்று 1980களின் நடுவிலே சில கவர்னர்கள் நிமிர்ந்து நின்றனர். உடனே, 1986இல், அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று: போகும் இடம் பிடிக்கவில்லை, நோக்கம் பிடிக்கவில்லை என்று கவர்னர் தடுக்கக்கூடாதாம்! மின்னசோட்டா கவர்னர் ரூடி பெர்பிச் வழக்காடினார். 1990இல் உச்சநீதிமன்றம், ஒரு நீதிபதிகூட மாறுபடாமல், வாஷிங்டன் பக்கமே தீர்ப்பளித்தது.

அதே மின்னசோட்டாவின் படையணியிலே சுமார் 2,600 பேர் இராக் சென்றனர். பயிற்சியும் சேர்த்து 22 மாதம். 2007இல் வீடு திரும்பியவர்கள், மேல்படிப்புக்குக் கூடுதல் உதவித்தொகை கேட்டார்கள். 730 நாள் ஆணை வேண்டும் என்பது விதி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஆணைத்தாளிலே எழுதியிருந்தது எத்தனை தெரியுமா? 729! ஒரே ஒரு நாள் குறைவு! 1981ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம், 480 நாள் உழைத்தவனை நிரந்தரமாக்கு என்றபோது, அதற்கு முன்பே பெயரடித்து வெளியே தள்ளும் முதலாளிகளைக் கண்ட நம் தோழர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமலா போகும்? வேண்டுமென்றே செய்தார்களா, கைத்தவறா என்று அடித்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. பத்திரிகைகளில் கூச்சல் எழுந்த பிறகுதான் திருத்த முன்வந்தது இராணுவம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

பதக்கத்தை நிறுத்துக என்பதல்ல நம் வாதம். மகனைக் கொடுக்கும் மாநிலத்துக்கு, அவன் எங்கே, எதற்காகப் போகிறான் என்று கேட்கும் உரிமையும் வேண்டும். வரவேற்புப் பந்தல் போடும் வேலை மட்டும் போதாது.

இன்னொரு வேடிக்கை. அந்த மாநிலப் பதக்கத்தை, வாஷிங்டன் பணியிலே இருக்கும்போது சீருடையில் அணிய இராணுவ விதி இடம் தரவில்லை. மாநிலப் பணிக்குத் திரும்பிய பிறகே அணியலாம். அப்போதும் மத்திய அரசின் பதக்கங்களுக்குப் பின்னால்தான் அதற்கு இடம்.