கைக்காசும் கார்பன் சக்கரமும்

புது ரேஸிங் சைக்கிள் வாங்கிய கல்லூரி மாணவனின் மகிழ்ச்சி மூன்று வாரம்தான் நீடிக்கிறது. முதல் வாரம் விடுதி வராந்தாவில் நிறுத்தி வைத்து எல்லோருக்கும் காட்டுகிறான். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துடன் ஓட்டப் போகிறான். மூன்றாவது வாரம் பக்கத்தில் வந்தவரின் சைக்கிள் கண்ணில் படுகிறது. அவருடையதில் கார்பன் சக்கரம், 12 கியர். தன்னுடையதில் அலுமினியச் சக்கரம், எட்டு கியர். அன்று இரவே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறான்.

கணக்கு லேசில் ஒத்துவருவதில்லை. இந்தியாவில் ஆரம்ப நிலை ரேஸிங் சைக்கிள் வாங்கவே சுமார் 30,000 முதல் 60,000 ரூபாய் வரை ஆகிறது. உதவித்தொகையின் மிச்சம், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம், அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்தது எல்லாம் அதிலேயே கரைந்துவிடுகின்றன. இனி கையில் இருப்பது பத்தாயிரம்தான் என்றால் அதை எதில் போடுவது? கடைக்காரரைக் கேட்டால், எது ஸ்டாக் இருக்கிறதோ அதில் என்பார். இயற்பியலைக் கேட்டால் பதில் வேறு.

சமதளச் சாலையில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போகும்போது மிதிப்பவரின் சக்தியில் பெரும்பகுதி, சுமார் 80 சதவிகிதம், காற்றை விலக்குவதிலேயே செலவாகிறது. அந்தக் காற்றெதிர்ப்பில் சுமார் நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் சைக்கிள் அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. ஆகவே ஒரு மாணவன் செய்யக்கூடிய முதல் மாற்றத்துக்குப் பைசா செலவில்லை. முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, அந்த நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டப் பழக வேண்டும்.

இதை உலகத்துக்கு நிரூபித்தவர் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. சைக்கிள் கடை வைத்து நொடித்துப்போனவர். தானே கட்டிய சைக்கிளில் சலவை இயந்திரத்தின் பேரிங்குகளைப் பொருத்தினார். கைகளை நெஞ்சுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டும் விசித்திரமான முறையைக் கண்டுபிடித்தார். 1993 ஜூலை 16இல் நார்வேயின் ஹாமாரில், அதே வடிவத்தில் தொழில்முறையாகச் செய்து கொடுக்கப்பட்ட புது சைக்கிளில் ஒரு மணி நேர சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாள் காலை தன் பழைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு ஏறினார். 51.596 கி.மீ. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் ஏற்படுத்திய சாதனை உடைந்தது. ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் அதையும் முறியடித்தார் என்பதும், ஓப்ரீயின் உட்காரும் முறையை 1994இல் சர்வதேச சங்கம் தடை செய்தது என்பதும் தனிக்கதை. தடை செய்யும் அளவுக்கு அது பலன் தந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

உட்காரும் முறை சரியாக வேண்டுமானால் முதலில் சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு டேப் போதும். வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. வரும். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய தூரம் இதுதான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய சூத்திரம் இது. அதுவே முடிவல்ல; இதிலிருந்து சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி முழங்காலின் யோசனையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் முதல் செலவு டயர். விலையைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று இது. தடித்த, கனத்த டயருக்குப் பதிலாக நல்ல பந்தய டயர்களைப் போட்டால் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு சக்கரத்துக்குமாக 10 முதல் 15 வாட் வரை மிச்சமாகலாம். 180 வாட் மிதிக்கும் மாணவனுக்கு அது சாதாரணம் அல்ல. கூடவே பழைய நம்பிக்கை ஒன்றையும் கைவிட வேண்டும். டயர் ஒல்லியாகவும் கல் போலவும் இருந்தால்தான் ஓடும் என்பது பளிங்குத் தரைக்குப் பொருந்தலாம். நம் ஊர்ச் சாலைகளில் 28 மி.மீ. டயரில் அளவாகக் காற்றடித்து ஓட்டினால் அதிர்வு குறைகிறது, சக்தியும் வீணாவதில்லை.

இரண்டாவது செலவு பிரேக் கட்டை. சில நூறு ரூபாய் சமாசாரம். நந்தி மலையில் எவ்வளவு வேகமாக ஏறினோம் என்று பேசுகிறவர்கள் இறங்கி வந்த கதையைச் சொல்வதில்லை. நிற்கும் என்ற நம்பிக்கை இருப்பவனால்தான் வளைவுவரை வேகமாக வர முடியும். ஹெல்மெட் இந்தக் கணக்கிலேயே வராது. அது இல்லாதவன் மற்ற எதையும் வாங்கக் கூடாது.

மூன்றாவது செயின். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே சைக்கிள் புதிதாகிவிடும். தேய்ந்து நீண்ட செயினை நேரத்தில் மாற்றாவிட்டால் அது பல்சக்கரங்களையும் தின்றுவிடும். செயினில் மிச்சம் பிடித்த காசு நாலு மடங்காகப் போகும்.

இனி கார்பன் சக்கரம். சாதாரண அலுமினியச் சக்கர ஜோடியைவிட அரை கிலோ குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ என்றால், அரை மணி நேர மலையேற்றத்தில் அரை கிலோவால் மிச்சமாவது சுமார் 12 விநாடி. விலை 50,000 ரூபாய். விநாடிக்கு நாலாயிரத்துக்கும் மேல். சமதளத்தில் காற்றைக் கிழிக்க அது இன்னும் கொஞ்சம் உதவும் என்பது உண்மை. அதே பணத்தில் இன்னொரு சைக்கிளே வாங்கலாம் என்பதும் உண்மை. மலிவாகக் கிடைக்கும் போலி கார்பன் ஹேண்டில்பார் இன்னும் மோசம். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் சொல்லாமல் முறியும்.

கியரை மாற்றும் ஆசையில்தான் பலர் விழுகிறார்கள். ஷிமானோவின் கிளாரிஸில் எட்டு, சோராவில் ஒன்பது, 105இல் 11 அல்லது 12. எட்டு கியர் லீவருடன் 11 கியர் டீரெய்லரைச் சேர்த்தால் கியர் ஒழுங்காக விழாது. ஒன்றை மாற்றப் போய் லீவர், டீரெய்லர், பல்சக்கரம், செயின் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். முடிவில் பில் சைக்கிள் விலையில் பாதியை எட்டும். இருப்பது தேயும்வரை ஓட்டுவதே மாணவக் கணக்கு.

உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக சைக்கிள் செய்யும் நாடு இந்தியா. லூதியானாவின் தெருக்களில் ரிம்மும் பெடலும் மலை மலையாகக் குவிகின்றன. ஆனால் பந்தய தரத்து கியர்களுக்கு இன்றும் ஜப்பானையும் தைவானையும்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல். கர்நாடகத்தின் விஜயபுராவிலிருந்தும் ராஜஸ்தானின் பிகானேரிலிருந்தும் பந்தயத்துக்கு வரும் பையன்களில் பலர் விவசாயக் குடும்பத்தவர். தவறான பாகத்தில் பத்தாயிரத்தை முடக்கினால், பணக்கார நண்பனுக்கு அது ஒரு பாடம். இவர்களுக்கு ஒரு பருவமே போய்விடும்.

ஆகவே பத்தாயிரத்தின் கணக்கு ஏறக்குறைய இப்படி: நல்ல டயர் ஜோடி 6,000, பிரேக் கட்டை 800, செயின் 900, எண்ணெய், மண்ணெண்ணெய், பஞ்சர் சாமான்கள் 300. மிச்சம் 2,000 ரூபாய். அது பந்தய நுழைவுக் கட்டணத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும். ஓட்டப் போகாத சைக்கிளுக்கு எந்த பாகத்தைப் போட்டாலும் அது வராந்தாவில்தான் நிற்கும்.