மத்தியஸ்தரை மாற்றலாம், கூலி மட்டும் காத்திருக்கணுமா?

மில் திவாலானால் நடப்பதென்ன? 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 14ஆவது பிரிவு, கம்பெனி மீதுள்ள வழக்குகளை நிறுத்தி வைக்கிறது. அறந்தாங்கியிலிருந்து மில் வேலைக்குப் போன நம் பிள்ளை, கூலி பாக்கிக்காகப் போட்ட வழக்கும் அதில் சேர்த்தி. ஆனால் கம்பெனிக்கு வரவேண்டிய பணத்துக்கான மத்தியஸ்தம் நிற்பதில்லை! கெடுவுக்குள் தீர்ப்பு வராவிட்டால் கோர்ட்டு மத்தியஸ்தரையே மாற்றலாம். விட்ட இடத்திலிருந்து விசாரணை தொடரும். 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தில் 2015இல் சேர்த்த 29-ஏ பிரிவு இது. முதலாளிகளின் நேரத்தின் மீது எவ்வளவு கரிசனம்!

கம்பெனியைக் கலைத்து விற்றால்? நடவடிக்கைச் செலவு போக, கடைசி 24 மாதக் கூலி பாக்கிதான் அடமானக் கடன்காரனோடு சமமாக நிற்கும். அதற்கு முந்திய பாக்கி பின்வரிசைக்குப் போகும். கூலி வழக்கை அந்தத் தடையிலிருந்து நீக்கு என்கிறோம் நாம்.